கை வைக்காத வைன்: எங்கள் திராட்சைப் பந்தலுக்குக் கீழே அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சில பரப்புத் திராட்சைப் பந்தல் இருக்கிறது. பழம் விற்கிறோம். மிஞ்சினால் ரசம் பிழிகிறோம். வைன் விற்பதில்லை. ஆனாலும் தோட்டத்துக்கு வருகிறவர்கள், அதிலும் பாரிஸ், சூரிச், ரொறன்ரோ என்று விடுமுறையில் வருகிறவர்கள், பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டு கேட்பது வைனைப் பற்றித்தான். “அங்கே சின்னச் சின்னக் குடும்பங்கள் ஈஸ்ட் போடாமல், சீனி போடாமல், பாட்டன் காலத்துக் கொடியிலேயே செய்கிறார்களே, நீங்கள் ஏன் செய்யக்கூடாது?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறோம்.

கை வைக்காத வைன் என்றால் சரியாக என்ன?

களைகொல்லியும் செயற்கைப் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைந்த பழம், கையால் ஆய்ந்தது. பழத்தோலிலும் வைன் செய்யும் இடத்திலும் தானாகவே இருக்கும் மதுவத்தால், அதாவது ஈஸ்டால், நொதித்தது. சீனி, அமிலம், நிறம், நொதியம் எதுவும் சேர்க்காதது. வடிகட்டாதது, இல்லாவிட்டால் லேசாக வடித்தது. கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகம் (கந்தக டயொக்சைட்) இல்லை; இருந்தால் போத்தலில் அடைக்கும்போது கொஞ்சம்.

இதற்கு உலகம் முழுவதும் செல்லுபடியாகும் சட்ட வரைவிலக்கணம் கிடையாது. பிரான்சில் 2020இல் ‘வான் மெத்தோட் நத்யூர்’ என்று ஒரு முத்திரை வந்தது. அதற்குப் பழம் சேதன முறையில், அதாவது ஒர்கானிக்காக, விளைந்ததற்குச் சான்று வேண்டும், கையால் ஆய வேண்டும், சொந்த மதுவத்தால் நொதிக்க வேண்டும். கந்தகம் சேர்த்தாலும் மொத்தம் லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க: ஐரோப்பிய ஒன்றியத்தில் இனிப்பில்லாத வழமையான சிவப்பு வைனுக்கு 150, வெள்ளைக்கு 200 மில்லிகிராம் வரை இடம் இருக்கிறது.

‘ஒன்றும் சேர்ப்பதில்லை’ என்று சொன்னால் நம்மவர்கள் பலருக்கு ‘ஒன்றும் செய்வதில்லை’ என்றுதான் காதில் விழுகிறது. பழத்தைச் சாடியில் போட்டு மூடிவிட்டு நித்திரைக்குப் போகலாம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பைக்கற்றில் வரும் ஒவ்வொரு பொடியும் ஏதோ ஒரு வேலையை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் வந்தது. பொடியை விட்டால் அந்த வேலை திரும்ப நம் தலையில் விழும். குலை குலையாகப் பார்த்து அழுகலைக் கிள்ளி எறிய வேண்டும். பாத்திரத்தைச் சுடுநீரால் கழுவிக் கழுவிக் கை வெளிற வேண்டும். இரவில் எழும்பி மணத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நாங்கள் சொல்லப்போவதில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயம்தான்.

ஈஸ்ட் போடாமல் எப்படி நொதிக்கும்?

பழத்தோலில் மதுவம் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஹான்செனியாஸ்போரா போன்ற காட்டு வகைகள். அவை தொடக்கத்தில் துள்ளும், மதுசாரம் (அல்கஹோல்) நாலைந்து வீதத்தைத் தொட்டதும் பெரும்பாலும் அடங்கிப்போகும். அதற்குப் பிறகு சக்கரோமைசிஸ் என்ற வகை எழும்பி மிச்சச் சீனியைத் தின்று முடிக்கும். அது பழத்தில் மிகக் குறைவு. வைன் செய்யும் இடத்தின் சுவரிலும் மரத்திலும் பாத்திரத்திலும் தங்கியிருந்துதான் பெரும்பாலும் வரும். தலைமுறை தலைமுறையாக ஒரே அறையில் செய்யும் குடும்பத்துக்கு இது பெரிய சொத்து. நேற்றுக் கட்டின புது அறையில் அது இல்லை.

இரண்டு வகைக்கும் இடையில் ஒரு தளர்வு வந்தால் அசற்றிக் அமில நுண்ணுயிர் நுழையும். பிறகு கையில் இருப்பது விநாகிரி.

அப்ப இது எங்கட கள்ளு மாதிரித்தானே?

இந்தக் கேள்வியை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்பதில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்கள்தான் கேட்பார்கள். கேட்பவர்களில் சரியான ஆட்கள் அவர்கள்தான்.

ஆம். சீவல் தொழிலாளி பனம்பாளையைச் சீவி மண்முட்டியைக் கட்டிவிட்டு இறங்குகிறார். யாரும் எதுவும் சேர்ப்பதில்லை. காற்றிலும் பூச்சியிலும் பழைய முட்டியிலும் இருந்து வரும் மதுவமும் நுண்ணுயிர்களும் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். அவர் இறக்கும்போது அது கள்ளு. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால் நொதிப்பு நடக்காது. புளிக்காத இனிப்பான கருப்பநீர் இறங்கும், அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு காரத்தன்மையை ஏற்றுவதால் மதுவம் முடங்கிப்போகிறது. ஐரோப்பாவில் கந்தகத்தை வைத்துச் செய்யும் கட்டுப்பாட்டை இங்கே ஒரு விரல் சுண்ணாம்பு செய்துவிடுகிறது. எவ்வளவு பூசுவது, எந்த முட்டியைப் புகை காட்டுவது, எந்த முட்டியைக் கழுவாமல் விடுவது என்பதெல்லாம் அந்தத் தொழில் செய்கிறவர்களின் கையில் இருக்கும் நுண்ணுயிரியல். பள்ளிக்கூடத்தில் யாரும் அவர்களிடம் கேட்டு எழுதவில்லை, அவ்வளவுதான்.

இதில் எங்களுக்கு ஒரு சின்ன எரிச்சலும் உண்டு. ஊரில் இருக்கும்வரை கள்ளுத் தவறணைப் பக்கம் முகம் திருப்பாமல் போனவர்கள், கள்ளைத் தொட்டால் மரியாதை போய்விடும் என்று நினைத்தவர்கள், பாரிசில் மங்கலாக நுரைக்கிற ஒரு போத்தலுக்கு இருபது யூரோ கொடுத்துவிட்டு வந்து “இதில் ஒன்றும் கலக்கவில்லை தெரியுமா” என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். ஊரில் பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடித்ததிலும் ஒன்றும் கலக்கவில்லை.

வேறுபாடு எங்கே என்றால், தாங்கும் சக்தியில். கள்ளில் மதுசாரம் பொதுவாக 4 முதல் 6 வீதம். அடுத்த நாளே புளிப்பு ஏறிவிடும். திராட்சை நன்றாகப் பழுத்தால் 12, 13 வீதம் வரும், கூடவே பழத்தின் சொந்த அமிலமும் தோலின் துவர்ப்பும் சேரும். அதனால்தான் வைன் வருடக்கணக்கில் நிற்கிறது. கள்ளை அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கு முடிக்க வேண்டும், வைனைச் செய்துவிட்டு மாதக்கணக்கில் காவல் இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத் திராட்சை எங்கள் மண்ணின் சொந்தப் பழமா?

இல்லை. அப்பு ஆச்சி காலத்திலிருந்து ‘முந்திரிகைத் தோட்டம்’ (திராட்சையை இங்கே முந்திரிகை என்போம்) என்று சொல்லிப் பழகிவிட்டதால் சொந்தம் மாதிரி இருக்கிறது. ஆனால் வைன் திராட்சை என்று அறியப்படும் விற்றிஸ் வினிஃபெரா இந்தத் தீவில் தானாக முளைத்த கொடி அல்ல. இங்கே பந்தல்களில் அதிகம் காண்பது இஸ்ரேல் புளூ என்ற கறுப்பு வகை. கார்டினல், பிளாக் மஸ்கற் என்ற பெயர்களும் காதில் விழும். எல்லாமே வந்தேறிகள். தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுகூட மஸ்கற் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய வகைதான். வந்த இடத்தில் வேர் பிடித்துப் பேர் வாங்கியிருக்கிறது.

திராட்சைக் குடும்பத்தில் எங்களுடைய சொந்தக்காரர் யார் என்று கேட்டால், வேலியில் படரும் பிரண்டை. இரண்டும் விற்றேசியே என்ற ஒரே குடும்பம். பற்றுக்கம்பி சுருளும் விதத்தைப் பார்த்தால் உடனே தெரியும். பிரண்டையில் வைன் போட முடியுமா என்று கேட்காதீர்கள். துவையலோடு நிறுத்திக்கொள்வோம்.

நாட்டுத் திராட்சையில், பழைய முறையில் செய்யும் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன?

இத்தாலியிலும் போர்த்துக்கலிலும் நூற்றுக்கணக்கான நாட்டு வகைகள் இருக்கின்றன. ஆனால் முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜோர்ஜியாவைத்தான் பார்க்க வேண்டும். கருங்கடலுக்குக் கிழக்கே, கவ்கசஸ் மலையின் அடிவாரத்தில் இருக்கும் சிறிய நாடு. அங்கே 500க்கு மேற்பட்ட நாட்டுத் திராட்சை வகைகள் பதிவாகியிருக்கின்றன. கிறிஸ்துவுக்கு முன் 6000ஆம் ஆண்டு அளவிலான மட்பாண்டத் துண்டுகளில் திராட்சை வைனின் எச்சம் கிடைத்ததாக 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

அங்கே கிராமத்து வீடுகளில் ‘மரானி’ என்று ஒரு அறை இருக்கும். உள்ளே போனால் பீப்பா எதுவும் கண்ணில் படாது. நிலத்தில் வட்ட வட்டமாக வாய்கள்தான் தெரியும். ‘குவெவ்ரி’ என்ற பெரிய மண்சாடியைக் கழுத்து வரை புதைத்து வைத்திருப்பார்கள். உள்ளே தேன்மெழுகு பூசியிருக்கும். அளவு சில பத்து லீற்றரிலிருந்து சில ஆயிரம் லீற்றர் வரை. பழத்தை மிதித்து, சாறு, தோல், விதை, சில பகுதிகளில் காம்புகூட, எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே விடுவார்கள். நொதிக்கும்போது தோல் மேலே எழும்பித் தொப்பி மாதிரி நிற்கும். அதை நாளுக்குச் சில தடவை கீழே அமுக்க வேண்டும். விட்டால் காய்ந்து, காற்றுப் பட்டுப் புளிக்கும். நொதிப்பு அடங்கியதும் மூடியை வைத்துக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். கிழக்கே ககேத்தி மாகாணத்தில் வெள்ளைத் திராட்சையைக்கூடத் தோலோடு ஐந்தாறு மாதம் வைப்பார்கள். வெளியே வரும்போது தேயிலைச் சாயத்துக்குக் கிட்டிய நிறமும் துவர்ப்பும் இருக்கும். றக்கட்சித்தெலி என்ற வெள்ளை வகையும் சப்பெராவி என்ற கறுப்பு வகையும் பேர்போனவை. சப்பெராவிக்குச் சதையே சிவப்பு. பெரும்பாலான கறுப்புத் திராட்சையைப் பிதுக்கினால் சாறு நிறமில்லாமல்தான் வரும்.

2013இல் யுனெஸ்கோ இந்த முறையை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதற்கு முன்னால் அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். சோவியத் காலத்தில் தொகைதான் முக்கியம் என்று தொழிற்சாலைகள் ஒருசில வகைகளை மட்டும் வளர்க்கச் சொன்னன. 1985இல் தொடங்கிய மது எதிர்ப்பு இயக்கத்தில் தோட்டங்கள் பிடுங்கப்பட்டன. 2006இல் ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது. இவ்வளவுக்குள்ளும் நாட்டு வகைகள் தப்பியதற்கு ஒரு காரணம், வீட்டுப் பின்புறத்தில் வீட்டுத் தேவைக்கென்று நின்ற நாலு கொடி. விற்கிறதுக்கு இல்லாததால் அதில் யாரும் கை வைக்கவில்லை.

அப்படி ஒரு சாடியைக் கோப்பாயிலோ உரும்பிராயிலோ புதைத்துப் பார்க்கலாமே?

கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. மூன்று தடைகள்.

முதலாவது வெப்பம். சாடியைப் புதைப்பதே குளிர்ச்சிக்காக. ஆனால் நிலத்தின் ஆழத்து வெப்பநிலை அந்த ஊரின் வருடச் சராசரிக்குக் கிட்டத்தான் நிற்கும். ககேத்தியில் அது 14 பாகை அளவு. யாழ்ப்பாணத்தில் 27, 28. கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தாலே தெரியும், வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெப்பத்தில் நொதிப்பு ஓடி முடிந்துவிடும், அது பிரச்சினை இல்லை. நொதிப்பின் வெப்பமும் சேர்ந்து 35ஐத் தாண்டினால்தான் மதுவம் சோர்ந்து, சீனி பாதியில் நின்றுவிடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அதே சூட்டில் வைத்திருப்பதுதான் ஆபத்து.

இரண்டாவது பாறை. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பல இடங்களில் ஓர் ஆள் ஆழம் தோண்டுவதற்குள்ளேயே அலவாங்கு ‘ணங்’ என்று சொல்லும்.

மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடை மழையில் நிலக்கீழ் நீர் ஏறிவரும். அந்த நேரம் சாடி வெறுமையாக இருந்தால் மிதந்து கிளம்பும், நிறைந்திருந்தால் ஒரு சின்ன வெடிப்பு வழியாகக் கிணற்றுத் தண்ணீர் உள்ளே போகும்.

நிலத்துக்கு மேலே, தடித்த சுவர் அறையில், குளிரூட்டி போட்டுத்தான் செய்ய முடியும். குளிரூட்டி போட்டால் அது குறுக்கீடு இல்லையா என்று ஒரு தம்பி கேட்டார். குறுக்கீடுதான். ஆனால் போத்தலுக்குள்ளே போகாத குறுக்கீடு. எங்களுக்கு அதில் வெட்கம் இல்லை.

இங்கே வருடத்துக்கு இரண்டு தடவை காய்க்கிறதே, ஐரோப்பாக்காரருக்கு ஒரு தடவைதானே?

இது வரம் மாதிரித் தெரியும். கொடிக்கு அது ஓய்வில்லாத வேலை.

குளிர்நாட்டில் மாரி வந்ததும் இலை கொட்டிக் கொடி தூங்கிவிடும். இங்கே அதைத் தூங்க வைக்க யாரும் இல்லை. நாங்கள் கத்தரித்தால் அரும்பு வெடிக்கும், கத்தரித்ததிலிருந்து மூன்றரை, நான்கு மாதத்தில் பழம். தை மாதம் மழை விட்டதும் ஒரு கத்தரிப்பு, சித்திரை வைகாசியில் பழம். பிறகு இன்னொன்று, நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வரும். அந்தச் சமயம் ஊரெல்லாம் ஆட்களாய் இருப்பதால் விலையும் நன்றாயிருக்கும். பூவும் பழமும் வாடை மழையில் மாட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வித்தையும். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் காற்றும் வெயிலும் இலையை உலர வைப்பதால் பூஞ்சணம் குறைவு.

உண்ணும் பழத்துக்கு இது போதும். வைனுக்கு ஒரு குறை: இரவும் சூடாக இருப்பதால் பழத்திலுள்ள மலிக் அமிலம் எரிந்துபோகும், கறுப்புத் தோலிலும் நிறம் ஆழமாக ஏறாது. பகல் வெயில், இரவுக் குளிர் என்ற இழுபறிதான் மலையோரத் தோட்டங்களுக்கு நிறத்தையும் புளிப்பையும் தருகிறது.

சரி, இஸ்ரேல் புளூவில் வைன் வருமா வராதா?

வரும். நல்லதாக வருமா என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். லீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் சீனி நொதித்தால் 1 வீதம் மதுசாரம் கிடைக்கும். சாற்றின் சீனியை அளக்கும் பிரிக்ஸ் மானியில் 22 காட்டும் சாறு 12 வீதத்துக்குப் போகும். சந்தைக்கு ஆயும் உண்ணும் பழம் 16 காட்டினால் 9 வீதத்தோடு நின்றுவிடும். 9 வீதத்தில், இந்தச் சூட்டில், கந்தகமும் இல்லாமல், வைன் நிற்பது கஷ்டம். அதனால்தான் வீட்டில் போடுகிறவர்கள் கிலோக்கணக்கில் சீனி கொட்டுகிறார்கள். சீனி போட்டதும் அது கை வைக்காத வைன் இல்லை. குற்றம் சொல்லவில்லை, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கொடியிலேயே இன்னும் பத்து நாள் விட்டால் என்ன? விடலாம். கிளியும் வௌவாலும் அணிலும் குளவியும் அதே யோசனையோடுதான் இருக்கின்றன. வலை கட்ட வேண்டும். குலையைக் குறைக்கவும் வேண்டும்: ஒரு கொடியில் நாற்பது குலை தொங்கினால் எல்லாமே தண்ணீர் மாதிரி இருக்கும், பாதியைப் பிஞ்சிலேயே வெட்டி எறிந்தால் மிச்சத்தில் சுவை ஏறும். ஆயும் நாளுக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே நீர்ப்பாய்ச்சலையும் குறைக்க வேண்டும். இதையெல்லாம் செய்தால் விளைச்சல் பாதியாகும். சந்தையில் கிலோவுக்குக் காசு வாங்கும் ஆளிடம் பிஞ்சுக் குலையை வெட்டச் சொல்லிப் பாருங்கள்! என்ன முகம் காட்டுவார் என்று எங்களுக்குத் தெரியும், அதே முகத்தை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

ஏன் இங்கே நூறு வருடக் கொடி இல்லை?

கொடிக்குத் தண்ணீர் வேண்டும், பந்தலுக்கு ஆள் வேண்டும். வலிகாமம் வடக்கில் 1990இல் போரால் சனம் இடம்பெயர்ந்தபோது கிணறும் பந்தலும் வீடும் அப்படியே விடப்பட்டன. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணிகளுக்குப் பலர் இருபது, இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் திரும்ப முடிந்தது. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் கிளம்பியது. ஐரோப்பாவில் பழைய கொடிகளை ஒரு சின்னப் பூச்சி தின்றது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்செரா என்ற வேர்ப்பூச்சி. எங்களுக்குக் காரணம் வேறு.

மருந்தடித்த பழத்தை நன்றாகக் கழுவினால் போதாதா?

சாப்பிடுவதற்குக் கட்டாயம் கழுவுங்கள். வைனுக்கு என்றால், கழுவ வேண்டிய நிலையில் உள்ள பழம் இந்த முறைக்கு உரியதே அல்ல. கழுவினால் தோலில் இருந்த மதுவத்தில் ஒரு பகுதியும் போகும், குலைக்குள் தங்கிய தண்ணீரும் சாற்றில் சேரும். கழுவாமல் விட்டால் பூஞ்சணக்கொல்லி எச்சம் மதுவத்தையே முடக்கும். பூஞ்சணத்தைக் கொல்ல அடித்த மருந்து மதுவத்தை மட்டும் மரியாதையாக விட்டுவைக்குமா? மதுவமும் பூஞ்சணம்தானே.

சேதனத் தோட்டக்காரரும் மருந்தே அடிப்பதில்லை என்று நினைக்க வேண்டாம். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் அடிப்பார்கள். மழைக்காலப் பூஞ்சணத்துக்கு மயில்துத்தமும் (செம்புச் சல்பேற்று) சுண்ணாம்பும் கரைத்த போர்டோக் கலவை. 1885இல் பிரான்சின் போர்டோவில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் வெளியிட்டது. சேதன முறையில் அனுமதி உண்டு, ஆனால் செம்பு மண்ணில் தங்கிச் சேரும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு வருடத்துக்கு ஹெக்ரயருக்கு 28 கிலோ செம்பு என்று எல்லை வைத்திருக்கிறது. எங்களுடைய அபிப்பிராயம்: பந்தலில் இலை அடர்த்தியைக் குறைத்துக் காற்றோட்டம் விட்டாலே பாதி மருந்து மிச்சம். அடர்த்தி குறையாததற்குக் காரணம் அளவுக்கு மிஞ்சிய யூரியா.

கந்தகம் நஞ்சா? கந்தகம் இல்லாத வைன் குடித்தால் தலையிடி வராதாமே?

ஆஸ்துமா உள்ள சிலருக்குக் கந்தகம் ஒத்துக்கொள்ளாது, அவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தலையிடி வருவதற்கு முதற்காரணம் மதுசாரம்தான். உலர்ந்த அப்ரிகொட் பழத்துக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை கந்தகம் அனுமதி. அதைத் தின்றுவிட்டு யாரும் தலையிடி என்று சொல்லிக் கேட்டதில்லை. மதுவம் தானாகவே சிறிது கந்தக டயொக்சைட்டை உண்டாக்கும் என்பதால் ‘முற்றிலும் கந்தகமற்றது’ என்ற போத்தலிலும் கொஞ்சம் இருக்கலாம். லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் ஐரோப்பாவில் லேபலில் சொல்ல வேண்டும். கட்டுப்பாடில்லாமல் நொதித்த வைனில் ஹிஸ்டமின் கூடுவதற்கும் இடம் உண்டு. அதுவும் சிலருக்குத் தலையை இடிக்கும்.

‘இயற்கை’ என்று எழுதியிருப்பதால் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதுசாரம் புற்றுநோய்க் காரணி. எந்தத் தோட்டத்துப் பழம் என்று அது பார்ப்பதில்லை.

மங்கலாக இருந்தால் கெட்டுப்போனதா?

இல்லை. வடிகட்டாததால் மதுவமும் சதைத் துகளும் மிதக்கும். கண்ணை விட மூக்கை நம்புங்கள். விநாகிரி மணம், நெயில் பொலிஷ் மணம் தூக்கலாக அடித்தால் பிழை. விழுங்கிய பிறகு எலிப்புழுக்கை மாதிரி ஒரு வாடை தொண்டையில் நின்றால் அதுவும் பிழை, கந்தகம் சேர்க்காத வைனில் இது வரக்கூடிய ஒன்று. ‘இதுதான் இயற்கையின் குணம்’ என்று கடைக்காரர் சமாளிப்பார். புளித்த கள்ளைத் தவறணையில் யாராவது அப்படிச் சொல்லி விற்க முடியுமா?

தோலகட்டியில் துறவிகள் செய்கிறார்களே?

ஆம். 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் ஆச்சிரமம் அங்கே இருக்கிறது. அவர்களுடைய திராட்சை ரசமும் நெல்லி ரசமும் வைனும் யாழ்ப்பாணத்தில் தெரியாத வீடு குறைவு. செபமும் உழைப்பும் என்று வாழும் துறவிகள் திராட்சையைக் கையில் எடுத்தது ஐரோப்பிய மடங்களின் பழைய வழக்கத்தோடு ஒத்துப்போகிறது.

பூசைக்குப் பயன்படும் வைனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 924ஆம் இலக்கத்தில் சொல்கிறது: வைன் கொடியின் கனியிலிருந்து வந்த இயற்கையானதாக, கெடாததாக இருக்க வேண்டும். வேறு பழம் ஆகாது. இயற்கையாகவும் இருக்க வேண்டும், கெட்டும் போகக்கூடாது! பாரிஸ் கடைகளில் இன்றும் முடியாத வாதத்தை அந்த ஒரு வரி இரண்டு சொல்லில் முடித்துவைத்திருக்கிறது.

நத்தாருக்கு (கிறிஸ்மசுக்கு) வீட்டில் போடும் வைன் இந்த வகையில் சேருமா?

சேராது. சீனி, கடையில் வாங்கின ஈஸ்ட், சிலர் இஞ்சி, கறுவா, உலர்ந்த முந்திரிகை எல்லாம் போடுவார்கள். அது தனி ருசி, அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஒப்பிட வேண்டியதில்லை.

நாங்களே போட்டு விற்கலாமா?

கூடாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வதும் விற்பதும் மதுவரிச் சட்டப்படி குற்றம். “வீட்டுக்கு மட்டும்தானே” என்று நினைப்பவர்களும் முதலில் மதுவரித் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழானவருக்கு விற்க முடியாது, மதுபான விளம்பரமும் தடை. இந்தப் பக்கத்தில் எந்தப் போத்தலின் படமும் இல்லாததற்குக் காரணம் புரிந்திருக்கும்.

சின்னக் குடும்பங்கள் எப்படித்தான் உரிமம் எடுப்பது என்பது நியாயமான கேள்வி. பெரிய வடிசாலையையும் நாலு பரப்புப் பந்தலையும் ஒரே அளவுகோலால் அளந்தால் நாலு பரப்பு எழும்பாது. கள்ளுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருப்பதுபோல, பழச்செய்கையாளர் சேர்ந்து ஒரே உரிமம், ஒரே குளிரறை என்று வைத்தால் வழி பிறக்கலாம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

நொதிக்கும் அறையில் ஏன் விளக்கு வைத்துப் பார்க்கிறார்கள்?

கரியமில வாயுவுக்காக. நொதிக்கும்போது அது ஏராளமாக வெளிவரும், காற்றை விடக் கனம், நிலமட்டத்தில் தங்கும். மணம் இல்லை. கதவு யன்னல் அடைத்த அறையிலோ ஆழமான தொட்டியிலோ குனிந்தால் ஆள் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். பழைய கிணற்றில் இறங்க முன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்களே, அதே காரணம். விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது. அணையாவிட்டாலும் அதை மட்டும் நம்பக்கூடாது. கதவைத் திறந்து வையுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

நொதிப்பு முடியுமுன் போத்தலை இறுக்கி அடைத்தால் போத்தல் வெடிக்கும். கண்ணாடிச் சில்லுக்குப் பழைய முறை புதிய முறை தெரியாது.

மெதனோல் என்ற நச்சு மதுசாரம் வந்து கண் போகும் என்கிறார்களே?

நல்ல திராட்சையை நொதிக்க விட்டால் உண்டாகும் மெதனோல் மிகக் குறைவு, ஆளைப் பாதிக்கும் அளவு அல்ல. கேள்விப்படும் சாவுகள் பெரும்பாலும் கள்ளச்சாராயத்தில் தொழிற்சாலை மெதனோலைக் கலந்ததால் வந்தவை.

அந்தக் குடும்பங்களின் போத்தல் ஏன் இவ்வளவு விலை?

ஒரு போத்தலுக்கு ஒரு கிலோவுக்கு மேல் பழம் வேண்டும். பிஞ்சில் வெட்டி எறிந்தது, அழுகல் என்று கிள்ளி எறிந்தது, சாடியில் புளித்துப்போனது எல்லாம் மிச்சப் போத்தல்களின் தலையில்தான் ஏறும். கூலி வேறு.

புளித்துப்போனால் என்ன செய்வது?

எறிய வேண்டாம். பாதியில் நின்ற புளிப்பைச் சீனி போட்டு மறைக்கவும் வேண்டாம். வாய் அகலமான பாத்திரத்தில் ஊற்றி, துணி கட்டி, காற்றுப் படும்படி ஒரு மாதம், ஒன்றரை மாதம் விடுங்கள். மேலே வழுவழுப்பான ஆடை படியும். பயப்பட வேண்டாம், அதுதான் விநாகிரித் தாய். மணம் கூர்மையானதும் வடித்துப் போத்தலில் நிரப்பலாம். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பப்பாசிக்காயும் போடும் அச்சாறுக்குக் கடை விநாகிரியை விட இது நன்றாக இருக்கும். ஆடையில் ஒரு துண்டை எடுத்து வைத்தால் அடுத்த தடவைக்கும் உதவும். கேட்டால் நாங்களும் தருவோம், ஒரு போத்தல் கொண்டுவாருங்கள்.